குளிரறைக்கு மூக்கடைப்பு

குளிரறைக் கதவைத் திறந்து உள்ளே போனதும் குளிரக்கா முதலில் கீரையைப் பார்ப்பதில்லை. சுவரில் பொருத்திய ஏசியின் முன் நின்று கன்னத்தைக் காட்டுவாள். காற்று பளாரென்று அடித்தால், "நல்லா மூச்சு விடுறா" என்று திருப்தியாக வெளியே வருவாள். சோம்பலாக ஊர்ந்தால் போயிற்று. "மூக்கடைச்சிருச்சு இவளுக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, உள்ளே பனி கட்டியிருக்கிறதா என்று பார்க்க டார்ச்சைத் தேடி ஓடுவாள்.

வயது நாற்பத்தைந்து. குள்ள உருவம். கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டர். பெயர் வந்த காரணம் அவ்வளவுதான்.

விற்கும் கீரை வாடாமலிருக்க, வீட்டின் கார் நிறுத்தும் அறையின் சுவர்களிலும் கூரையிலும் அவளே தெர்மாகோல் பலகை ஒட்டி, வெள்ளித்தாள் போர்த்தி, பழைய ஜன்னல் ஏசி ஒன்றைச் சுவரில் செருகினாள். வீட்டு ஏசி பதினாறு டிகிரியோடு நின்றுவிடும். கீரைக்கு நான்கு வேண்டும். அதற்காக ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு ஒயர்கள்.

"இந்த ஒயரு, ரூம் இன்னும் சூடா இருக்குன்னு ஏசிகிட்ட பொய் சொல்லும். அத நம்பி அது ஓடிக்கிட்டே இருக்கும். அந்த ஒயரு உண்மை பேசும். ஐஸ் கட்டுது, நிறுத்துன்னு சொல்லிரும். ரெண்டும் வேணும். குடும்பம் நடத்துறதில்லையா நாம?" கையை வீசி வீசிச் சொல்வாள். கேட்பவர் இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பது நல்லது.

ஈரம்தான் அவளுடைய ஓயாத வழக்கு. குறைந்தால் இலை சுருளும். கூடினால் ஏசியின் தகடுகளில் பனியாகப் படிந்து காற்றை மறிக்கும். காற்று நின்றால் அறை சூடேறி எல்லாம் அழுகும். கழுவிய கீரையை நீர் வடியும்வரை உள்ளே விடமாட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு பேச்சு வளர்ப்பது சொந்த அக்காவாகவே இருந்தாலும், "உள்ள வா, இல்ல வெளிய போ. நடுவுல நிக்காத!" என்பாள்.

போன வாரம் விடாத மழை. மூன்று நாளாக ஏசிக்கு மூக்கடைப்பு. உண்மை பேசும் ஒயர் அடிக்கடி நிறுத்த, அறை பத்து டிகிரிக்கு ஏறிவிட்டது. மறுநாள் காலை பெரிய ஓட்டலின் தலைமைச் சமையற்காரர் வருவதாக இருந்தது. இலை பிடித்தால் இந்த வருஷம் முழுக்க இங்கேதான் வாங்குவார். வாடியிருந்தால் வேறு இடம். பக்கத்துத் தோட்டங்களில் கீரை போடும் ஆறு பெண்களின் அறுவடையும் அந்த அறைக்குள்தான் இருந்தது.

மெக்கானிக் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பெரிய மெஷினா மாத்துங்கக்கா."

"மெஷின் மேல தப்பில்ல தம்பி. எங்கிருந்தோ தண்ணி வருது."

விளக்கை அணைத்து உள்ளே நின்று, எங்காவது வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று சுவர் சுவராகப் பார்த்தாள். இல்லை. கதவிடுக்கில் காகிதம் வைத்து மூடி இழுத்தாள். கிழிந்ததே தவிர வரவில்லை. ஏசியிலிருந்து வடியும் நீரை வாளியில் பிடித்து அளந்தாள். ஒரு நாளைக்கு வழக்கமாக இரண்டு லிட்டர், இப்போது ஐந்து. "கீரை கூடி ஒப்பாரி வச்சாக்கூட இவ்ளோ வராதே!" என்று வாளியைப் பார்த்துக் கேட்டாள். பயத்தைவிட, கண்டுபிடித்தே தீருவேன் என்ற பரபரப்புதான் அவள் குரலில் அதிகம்.

பிற்பகலில், கூடைகளைச் சரிபார்க்கக் கடைசி வரிசைக்குப் பின்னால் குனிந்திருந்தபோது கதவு மெல்லத் திறந்தது. அவளுடைய மாமனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சட்டை மொடமொடப்பாக இல்லாமல் தெருவில் கால் வைக்காதவர். தோளில் நனைந்த துணி மூட்டை. கூடைகளுக்கு மேல் ஒரு துணிக்கொடி இருப்பதையே அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"மாமா!"

மூட்டை கீழே விழுந்தது. "நீ உள்ளதான் இருக்கியாம்மா? இந்நேரம் தோட்டத்துலல்ல இருப்ப!"

"என்ன மாமா இது?"

"வெளிய எதுவுமே காயல. இங்க போட்டா பொழுது சாயறதுக்குள்ள அப்பளமா காஞ்சிருது. இந்த ஏசி ஈரத்த அப்படி உறிஞ்சுது!" சொல்லும்போதே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பக்கத்து வீட்டு டீச்சர்கூட ஆச்சரியப்பட்டாங்க."

"டீச்சர் துணியுமா?"

"நாலு போர்வைதான். அப்புறம் தையற்காரர் வீட்டுது கொஞ்சம்."

குளிரக்கா திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்ததென்னவோ சிரிப்பு. "மூணு நாளா தெருத் துணியையெல்லாம் இவ மூக்காலயே குடிச்சிருக்கா மாமா!" என்று கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

பிறகு சிரிக்க நேரமில்லை. கொடியை அறுத்தாள். ஏசி குளிரூட்டுவதை நிறுத்தி, அதன் விசிறியை மட்டும் ஓடவிட்டாள். வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். உள்ளே தகடுகளிலிருந்து பனி சொட்டி, பிறகு பாளம் பாளமாக உடைந்து விழுந்தது. அந்தப் பனியின் மேல் பட்டு வந்த காற்று குளிர்ந்து, ஈரமாக இலைகளின் மேல் போனது. "திருடுன ஈரத்தத் திருப்பிக் குடுக்குறா பாருங்க மாமா!" என்று கதவின் இந்தப் பக்கம் காதை வைத்தபடியே கத்தினாள். இருட்டுவதற்குள் தகடுகள் சுத்தமாயின. ஏசி மறுபடி ஓடத் தொடங்கியது. விடிந்தபோது நான்கு டிகிரி.

காலையில் சமையற்காரர் வந்ததும் நேராகக் கூடைகளிடம் போனார். ஆறு பெண்களும் வாசலில் மூச்சைப் பிடித்து நின்றார்கள். அவர் ஒரு கீரைத்தண்டை எடுத்து வளைத்தார். டக்கென்று முறிந்தது. இன்னொன்று. அதுவும் டக். "திங்கக்கிழமையிலிருந்து அனுப்புங்க" என்றார். பெண்கள் போட்ட கூச்சலில் அவரே கொஞ்சம் பயந்துவிட்டார்.

மாமனார் மட்டும் சமையலறைப் பக்கம் ஒதுங்கி, ஈரச் சட்டையைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். கூட்டத்தை விட்டு வந்த குளிரக்கா அதை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே, மழை படாத கூரை இறவாணத்துக்கடியில், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏசியின் முதுகு சூடான காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு மூச்சு முட்டாதபடி இரண்டு முழம் தள்ளி ஒரு கயிற்றைக் கட்டினாள். சட்டையை உதறிப் போட்டு, எட்டி, காலரை நீவிவிட்டாள்.