இதுவும் வேலதான்க்கா

ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, எங்கள் லைனிலேயே மூன்றாவது வீட்டுக்காரி அவள். என்னைவிட இளையவள். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் இரண்டு பேரும் கூட்டாகத் தையல் கடை போட்டோம். வெட்டுவதும் தைப்பதும் நான், அளவெடுப்பதும் ஹூக் வைப்பதும் அவள் என்று பேச்சு.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வந்தவளை ஸ்டூலில் உட்கார வைத்து மாமியார் சண்டை, பெங்களூர் ரயிலில் இடம் கிடைக்காத கதை, சர்ச்சில் யாரோடு யார் பேசுவதில்லை என்பது வரை. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் போய், கன்னடத்தில் முடிப்பாள். டீ வரும். மறுபடியும் டீ வரும். ஹூக் வைக்காத ஜாக்கெட்டெல்லாம் அவள் மடியில் கிடக்கும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினை மிதிப்பேன்.

"வேல கீதும்மா."

"இதுவும் வேலதான்க்கா," என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை.

கல்யாண சீசனில் ஒருநாள் கடை நிறைய ஆட்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டை வெட்டி அவள் மடியில் போட்டேன். "இன்னிக்கு நீ தை." அவளுக்கு நேர்த்தையலைத் தாண்டி எதுவும் வராது என்று எனக்குத் தெரியும்.

"வேணாம்க்கா. பட்டு," என்றாள் மெதுவாக.

"கடையில பாதி உன்னுதுதானே? உக்காரு."

உட்கார்ந்தாள். கை சேரும் இடத்தில் துணி சுருங்கி, இழுபட்டு, கிழிந்தது. நிறுத்தச் சொல்லவில்லை நான். முடிந்ததும் அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "உங்ககூட நாள் முழுக்க பேசறாளே, அவ வேல இதான்." பெண்ணின் அம்மா தலையில் கைவைத்தாள். யாரோ சிரித்தார்கள். செருப்பைக்கூடப் போடாமல் அவள் தெருவில் இறங்கிப் போனாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த வாரம் முதல் வந்தவர்களெல்லாம், "அவங்க இல்லயா?" என்றார்கள். இல்லை என்றதும் துணிப்பையைத் திறக்காமலே திரும்பினார்கள். ஒருத்தி சொல்லியே விட்டாள்: "உங்ககிட்ட அளவு குடுக்க பயமா கீதுக்கா."

அவள் தன் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டாள், தைக்க ஓர் ஆளை வைத்து. என் வாசலைத் தாண்டித்தான் பெண்கள் அங்கே போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் நான் ஷட்டரை இறக்கிவிட்டேன். அவளுடைய தையல்காரன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் அவளே வந்து கூப்பிட்டாள். "சும்மா இன்னாத்துக்கு உக்காந்துகினு கீறீங்க? மிஷின எடுத்துகினு வாங்க." போனேன்.

இப்போது அவள் வீட்டுப் பின்னறையில் தைக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பட்டு ஜாக்கெட் கதையைச் சொல்கிறாள். என் குரலிலேயே, "உக்காரு," என்கிறாள். முன்னறை அதிரச் சிரிக்கிறார்கள். "உள்ளதான் கீறாங்க, பாக்கிறீங்களா?" என்று திரையை விலக்குகிறாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறேன்.