ஆண்பால் குடம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் ஜெர்மன் சொல்லித்தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகத் துடிக்கும் தாதியர். முதல் வாரத்திலேயே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அந்த மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. நிலா அங்கே ஆண். பக்கத்து நாட்டு பிரெஞ்சுக்காரனுக்கு அதே நிலா பெண்.

"ஏன் டீச்சர் அப்படி?"

"ஏன்னு கேக்காதீங்க லா. மனப்பாடம் பண்ணுங்க."

கூடவே கொஞ்சம் பீற்றிக்கொள்வேன். மலாயில் அவனும் அவளும் 'டியா'தான், வம்பே இல்லை. தமிழில் ஆளுக்குத்தான் ஆண்பால், பெண்பால்; சட்டிபானைக்கெல்லாம் கிடையாது, நம் ஆட்கள் தெளிவானவர்கள் என்பேன். அம்மா சாகும்வரை அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. கிள்ளான் வீட்டில் அவர் படுத்த படுக்கையானபோது வகுப்புகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு குளிப்பாட்டினேன், ஊட்டினேன், டயப்பர் மாற்றினேன். கடைசி மூச்சும் என் மடியில்தான் போனது.

காரியம் செய்ய வந்த பண்டாரம் வாசல் கூடாரத்துக்குள் நுழைந்ததுமே கேட்டார்.

"கொள்ளிக்குடம் தூக்க ஆம்பளப் புள்ள யாரு அக்கா?"

"நான்தான் புள்ள. நானே தூக்குறேன்."

"பொம்பள தூக்கக்கூடாதுக்கா. பங்காளி யாரையாச்சும் கூப்பிடுங்க லா."

"ஏன் தூக்கக்கூடாது?"

"வழக்கம்கா."

அம்மாவின் தம்பி, என் மாமா, என் கையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடிட்டு இரும்மா. நாலு பேரு பாக்குறாங்க."

ஒரு மண்குடம். அதற்குப் போய் ஆண்பால்!

காஜாங்கிலிருந்து பெரியப்பா மகனை வரவழைத்தார்கள். அம்மா நோயில் கிடந்த காலமெல்லாம் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத அண்ணன். சட்டையைக் கழற்றி, வேட்டி கட்டி, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். என்னைப் பெண்கள் பக்கம் ஒதுக்கி நிறுத்தினார்கள். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

மந்திரத்தின் நடுவில் பண்டாரம் அண்ணனிடம், "அம்மா பேரு சொல்லுங்க" என்றார்.

அண்ணன் விழித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'கிள்ளான் சித்தி'தான். குடத்தோடு மெல்லத் திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். வாயை மூடச் சொன்ன மாமாவே, "சொல்லும்மா, சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினார்.

அம்மா பெயரில்லாமல் போய்விடக்கூடாதே என்று பெயரைச் சொன்னேன். இல்லையென்றால் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.