ஒரிஜினல் பம்ப்

எங்கப்பா ஓட்டின பழைய லாரியில வாட்டர் பம்ப் போயிருச்சு. கிணத்துக்கடவுல தேங்காய் லோடு காத்துக் கிடந்தது. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா வேற லாரியைக் கூப்பிட்டுக்குவாங்க.

உக்கடத்துல ஒரு பழைய பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளை வேட்டி, நெத்தி நிறையத் திருநீறு. எந்தச் சாமானை எடுத்தாலும் மோந்து பார்ப்பார்.

"ஒரிஜினல் வேணுங்க. டூப்ளிகேட் வேண்டாமுங்க" என்றேன்.

ரெண்டு பம்பை எடுத்து வச்சார். "இது ஒரிஜினலுங்க. அது ஒரிஜினல் மாதிரிங்க."

"என்னங்க வித்தியாசம்?"

"இது போன மாசம் பின்னால பட்டறையில செஞ்சதுங்க. அது நேத்துச் செஞ்சதுங்க."

எனக்குக் கோபம் வந்துருச்சு. கழட்டிக் கொண்டுபோன பழைய பம்பை முன்னால வச்சேன். "இதுதானுங்க ஒரிஜினல். எங்கப்பா வாங்கி மாட்டினது. பதினெட்டு வருஷம் ஓடிருக்குது."

மோந்து பார்த்தார். அடியில அடையாளத்துக்கு அடிச்சிருந்த சின்ன ஆணிக்குத்தைத் தடவினார்.

"நம்ம சரக்குதானுங்க. உங்கப்பாவும் டூப்ளிகேட் வேண்டாம்னுதானுங்க வாங்கிட்டுப் போனாரு."

போன மாசத்துப் பம்பை வாங்கி மாட்டினேன். லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மனுசன் ஏமாத்துறவரா, நேர்மையானவரான்னு இன்னும் எனக்குப் பிடிபடலை. வண்டியில என்ன பம்புன்னு யாராவது கேட்டா, ஒரிஜினலுங்கன்னுதான் சொல்றேன்.