ஷிமோன் பாய் பத்த வைக்காத அடுப்பு

அண்டாவுல கோழி சூப் கொதிக்கிற வாசனை, பக்கத்துல பெட்டி பெட்டியா ஆப்பிள், பக்கெட் நிறைய தேன்... துபாய் அல் கூஸ்ல நான் வேலை பார்த்த கேட்டரிங் கிச்சன், யூதர்களோட வருஷப் பிறப்புக்கு இப்படித்தான் மணக்கும்.

அவங்களுக்கு செப்டம்பர் வாக்குல வருஷம் பிறக்கும். ஆப்பிளைத் தேன்ல தொட்டுச் சாப்பிடுவாங்க, வருஷம் இனிப்பா இருக்கணும்னு. மேசையில மீன் தலையும் வைப்பாங்க. எங்க வீட்ல மீன் தலைக்கு அண்ணன் தம்பி சண்டையே நடக்கும்... அங்க அது சாமி காரியம்.

நான் புதுக்கோட்டைக்காரன். யூதர்னா யாருன்னே அந்த கிச்சனுக்குப் போற வரைக்கும் தெரியாது. கறிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம், ரெண்டும் சேரவே கூடாது. நான் கொண்டுபோற தயிர்சாதத்தை வெளிய லாரி நிக்கிற இடத்துல உக்காந்துதான் சாப்பிடணும்.

இதையெல்லாம் கவனிக்கவே ஒருத்தர் இருந்தார், ஷிமோன் பாய். அவரும் யூதர்தான். ஆனா பம்பாய்ல பிறந்து வளர்ந்தவர், எங்ககிட்ட ஹிந்தியில பேசுவார். சமைக்கிறது நாங்க, அடுப்பு பத்த வைக்கிறது மட்டும் அவர். வேற ஆள் பத்த வெச்ச அடுப்புல வெந்தது அவங்களுக்கு ஆகாது. காலைல எல்லா அடுப்பையும் பத்த வெச்சுட்டுத்தான் டீயே குடிப்பார்.

அன்னைக்கு சாயங்காலம் வருஷம் பிறக்குது, அறுபது பேருக்கு சாப்பாடு போகணும். ஷிமோன் பாய் ஸ்டோர் ரூம்ல கீரையை வெளிச்சத்துல பிடிச்சுப் பூச்சி பார்த்துட்டு இருந்தார். இங்க கேஸ் தீர்ந்து அடுப்பு அணைஞ்சுபோச்சு.

நான் சிலிண்டரை மாத்தினேன். லைட்டரைத் தட்டி சூப்பை மறுபடி கொதிக்க விட்டேன். பக்கத்து அடுப்பையும் பத்தவெச்சு, உலை வெச்சு அரிசியும் போட்டேன். ஊர் ஹோட்டல்ல எட்டு வருஷம் செஞ்ச வேலை, கை அதுபாட்டுக்கு செஞ்சிருச்சு. சோறு வெந்த பிறகுதான் எனக்கு உறைச்சுது.

யாரும் பாக்கல. சொல்லலைன்னா தெரியவும் போறதில்ல. சொன்னா வேலை போயிடும்... நான் வந்தே நாலு மாசம்தான். தங்கச்சிக்கு வேற கல்யாணம் பேசி வெச்சிருந்தோம். ரொம்ப பயந்துட்டேன்.

அப்புறம் யோசிச்சேன். நான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும்போது, ஒருத்தன் கறிக்குழம்புக் கரண்டியில எனக்கு சாம்பார் ஊத்திட்டு கம்முனு இருந்தா?

போய்ச் சொல்லிட்டேன். "பாய், அடுப்பு அணைஞ்சுபோச்சு... மறந்து நானே பத்த வெச்சுட்டேன்."

அவர் முகமே மாறிடுச்சு. "அணையறப்போ கோழி எவ்வளவு வெந்திருந்தது?"

"முக்கால்வாசி பாய். குத்திப் பார்த்தேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா பாய்."

"சோறு?"

"அரிசி அப்புறம்தான் போட்டேன்."

பாதிக்கு மேல ஏற்கனவே வெந்திருந்தா தோஷம் இல்லையாம். சூப் தப்பிச்சுது. சோத்தை எங்களைச் சாப்பிடச் சொல்லிட்டு, அந்தப் பாத்திரத்தையும் ஓரமா வெச்சுட்டார். மேனேஜர் என்னைத் திட்ட ஆரம்பிச்சார். ஷிமோன் பாய் குறுக்க வந்து, "இவன் வாய் திறக்கலைன்னா நான் எல்லாம் முறைப்படி செஞ்சதுன்னு சீல் வெச்சு அனுப்பியிருப்பேன். விடுங்க சார்"னார். அவரே அடுப்பைப் பத்த வெச்சார், புதுசா அரிசி போட்டோம். பொழுது சாயறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு.

இப்போ நான் குவைத், ஃபஹாஹீல்ல ஒரு கேம்ப் மெஸ்ல ஹெட் குக். சம்பளம் பரவாயில்ல, லீவும் ஒழுங்கா குடுக்கறாங்க. கிச்சன்ல மூலைக்கு மூலை கேமரா. ஏதாவது பிரச்சனைன்னா ரெக்கார்டிங் போட்டுப் பார்த்துக்குவாங்க, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்ல. பெரிய கம்பெனி, அப்படித்தான் இருக்கும்.

ஆனா அன்னைக்கு அறுபது பேர் வருஷத்தோட முதல் சாப்பாட்டை என் ஒரு வார்த்தையை நம்பிச் சாப்பிட்டாங்க...

அதுக்கப்புறம் என்னை யாரும் அவ்வளவு நம்பினதில்ல.