ஐந்தாவது வடை

எங்கள் ராக்கெட்டின் வாய்க்குள் போகாத பொருள் வீட்டில் இரண்டே இரண்டுதான். ஒன்று கிரைண்டர், இன்னொன்று கேஸ் சிலிண்டர். மற்றதையெல்லாம் அது ஒரு முறையாவது விழுங்கிப் பார்த்திருக்கிறது. ரப்பர், ரிப்பன், கொசுவர்த்திச் சுருள், அப்பாவின் தைலப் புட்டி மூடி, எதுவும் தப்பவில்லை. நாய்க்குப் பேர்தான் ராக்கெட், நாலு தரம் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் தூக்கும். ஆனால் கீழே ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் பாய்ந்து வந்துவிடும்.

அதனால் எங்கள் வீட்டில் சகலமும் இடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கும். செருப்புகூடத் தொங்கும். வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ராக்கெட்டின் வாய்க்குக் காவல் நான். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அது எதையாவது கவ்விவிட்டால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அவசர அவசரமாக விழுங்கிவிடும். ஒரு பொறை ரொட்டியை அதன் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். பொறைக்காக வாயைத் திறக்கும்போது உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவள் என்கிற தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் மக்காச்சோளம் நன்றாக விளைந்திருந்தது. விலை ஏறட்டும் என்று அப்பா மூட்டைகளைக் கூடத்திலேயே அடுக்கிவிட்டார். மூட்டை வந்த மூன்றாம் நாளே எலிகளும் வந்துவிட்டன.

எலிக்கு மருந்து வைப்பதில் எங்கள் பக்கம் ஒரு சட்டம் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் எலி கேட்டுக்கொள்ளுமாம். அப்புறம் மருந்து வைத்த பக்கம் தலைவைத்துப் படுக்காதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பி வந்து மடியிலிருந்த பொட்டலத்தை அம்மாவுக்குக் கண்ணாலேயே காட்டினார். அம்மா மூச்சுவிடாமல் அடுப்பைப் பற்றவைத்து வடை சுட்டாள். அப்பா பின்பக்கம் போய் ஏதோ வேலை பார்த்துவிட்டு ஐந்து வடைகளோடு வந்தார். நாலு வடை மேல்மூட்டைகளின் இடுக்கில் போயின. ஐந்தாவது வடை கீழ்மூட்டைக்குப் பின்னால். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார், மூட்டைகளைக் காட்டினார், கண்ணை உருட்டினார். எலிகளிடம் சொல்லிவிடாதே என்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. பேச்சே கூடாது என்கிறபோது அதை மட்டும் எப்படிச் சொல்வார்கள்?

ராக்கெட்டைச் சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். காலையில் நான் எழுந்து பார்த்தால் அது சங்கிலியை இழுத்துக்கொண்டு, நாக்கு தரையில் பட, கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே உள்ள நாலும் அதற்கு எட்டாது. கீழே இருப்பது? மருந்து எலியைக் கொல்லும், நாயையும் கொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது அவ்வளவுதான். போய் எடுத்துவிட்டேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று இருந்தது. மோந்துகூடப் பார்த்தேன், வெங்காய வாசனை தூக்கியது. நோட்டுத் தாளில் சுருட்டி என் பள்ளிக்கூடப் பைக்குள் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தேன். ராக்கெட்டுக்குத் திறக்கத் தெரியாதது ஜிப் ஒன்றுதான். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அப்பா கொல்லையிலிருந்து வந்தபோது அம்மா நாயை அவிழ்த்துவிட்டிருந்தாள். அது நேராகப் போய் மூட்டையைக் கடித்துக் கிழித்துச் சோளத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு, மூட்டைக்குப் பக்கத்தில் மல்லாந்து முனகிக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். பேயறைந்த மாதிரி நிமிர்ந்து, அம்மாவுக்கு ஒரு விரலைக் காட்டினார். ஒன்று காணோம்.

"ஐயய்யோ, நான்தான அவுத்துவுட்டேன்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா அந்த அவசரத்திலும் உதட்டில் விரல் வைத்தார். சரி, அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். அதற்குள், "பாப்பா, நீ வந்து இத புடிச்சிக்க" என்று மொபெட்டைக் கிளப்பிவிட்டார். சனிக்கிழமை, மொபெட் சவாரி, மடியில் ராக்கெட், மலைமேல் மேகம், ரோட்டோரம் எல்லாம் காயப்போட்ட சோளம். உண்மையைச் சொன்னால் வண்டி திரும்பிவிடும். வடக்கனந்தல் வரைக்கும் போய்விட்டே சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அப்பா வழியெல்லாம், "ராக்கெட்டு, ராக்கெட்டு" என்று அழுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பாவமாகத்தான் இருந்தது.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இன்னா மருந்து வெச்சிங்க?" என்று கேட்டார். அப்பா குனிந்து அவர் காதருகே ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்கண்ணே."

"இங்க… அதுங்க இருக்குமாங்க?"

"எதுங்க?"

அப்பா மூக்குக்குப் பக்கத்தில் விரல்களால் மீசை வரைந்து காட்டினார்.

"அண்ணே, இங்க ஆடு மாடுதான் வரும். தைரியமா சொல்லுங்க!"

டாக்டரம்மா எதையோ புகட்ட, ராக்கெட் வாந்தி எடுத்தது. ரெண்டு கை சோளம், என் ரப்பர்கள் இரண்டு, ஒரு ஷாம்பு கவர், பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு வாரம் அம்மா பேசாமலிருக்கக் காரணமான கொண்டை ஊசி எல்லாம் வந்தன. வடை வரவில்லை.

"செரிச்சிடுச்சோ இன்னாவோ" என்றார் அப்பா. டாக்டரம்மா ஊசியை எடுத்தார். மாட்டுக்குப் போடுகிற ஊசி போலும், என் முழங்கை நீளம் இருந்தது.

"போடாதிங்க! அது துன்னல. வடைய நான்தான் எடுத்தேன்!" என்று கத்திவிட்டேன்.

அப்பா திரும்பினார். அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடுங்கி மோந்து பார்த்தார். ராக்கெட் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"துன்னியா?"

"இல்லப்பா."

"கொஞ்சூண்டு? பிச்சி, நக்கி?"

"இல்லன்றனே!"

"எங்க வெச்ச?"

"ஸ்கூல் பையில. டிபன் பாக்ஸ் பக்கத்துல."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார், "எதுக்கும் டாக்டருகிட்ட காமிச்சிடுங்கண்ணே" என்றார். கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அப்பா வண்டியை நிறுத்தி நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன வடை திருடியா? ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், ஒருவருக்காவது அதைச் சொல்லத் தோன்றவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா மிச்சமிருந்த நாலு வடையையும் என் பையையும் குழிதோண்டிப் புதைத்தார். புதுப் பை கிடைக்குமே என்று நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். கை கழுவி வந்து என் முன்னால் உட்கார்ந்தவர் மறுபடியும், "நெசமாவே துன்னலியா பாப்பா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தோள் குலுங்க அழுதார்.

அப்பா அழுது அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கோபமெல்லாம் போய்விட்டது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழுவாதப்பா. அம்மாவ வேற வடை சுட்டுக் குடுக்கச் சொல்றேன்" என்றேன்.

அதைக் கேட்டு அவர் இன்னும் ஜாஸ்தியாக அழுதார். ஒரு மனுஷனுக்கு வடையின் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.