சலீம் நானாவின் கையில் பிழை இல்லை

பிழை என்னுடையது. அதை ஒரு வயதான மனிதரின் கையில் போட்டேன். அவரும் நம்பிவிட்டார். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை; உங்களுக்குச் சொல்கிறேன்.

சலீம் நானா கிண்ணியாக்காரர். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய ஜப்பான் காருக்கு முப்பது வயதுக்கு மேல். முன்பக்கம் கடகடவென்று சத்தம் போட, என் கராஜுக்குக் கொண்டுவந்தார். சில்லைத் தாங்கும் ஆர்மின் முனையிலுள்ள ரப்பர் புஷ் பிய்ந்திருந்தது. அந்தக் காருக்கு அசல் புஷ் இப்போது எங்கே கிடைக்கிறது? வேறு கம்பனி செய்ததைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் போட்டேன்.

காரை ஜக்கில் தூக்கிவைத்தபடி புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டை இறுக்கக் கூடாது. காரை இறக்கி, முழுப் பாரமும் சில்லில் வந்த பிறகு, கீழே படுத்துத்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று மழை, நிலமெல்லாம் சேறு. சாம்பல்தீவில் தங்கையின் மகள் பெரியபிள்ளையாகி, அன்றுதான் சாமத்தியவீடு. தாய்மாமன் போனால்தான் பிள்ளைக்குத் தண்ணி வார்ப்பார்கள். போனுக்கு மேல் போன். வெள்ளை வேட்டியும் கட்டிவிட்டேன். அந்த வேட்டியோடு சேற்றில் படுப்பதா? கார் ஜக்கில் நின்றபடியே இறுக்கினேன்...

மூன்று மாதத்தில் நானா திரும்பி வந்தார்.

"தம்பி, பிரேக் பிடிச்சா இடப்பக்கம் இழுக்குது. பாலத்தில ஒரு சைக்கிள்காரனைத் தட்டப் பாத்தனான்."

குனிந்து பார்த்ததுமே விளங்கிவிட்டது. நான் போட்ட புஷ் கிழிந்து கிடந்தது. கராஜில் வேறு ஆட்களும் நின்றார்கள். பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன்.

"காரில பெரிசா ஒண்டும் இல்லை நானா. வயசு போனா கை ஒரு பக்கம் சாயும். எதுக்கும் விட்டிட்டுப் போங்கோ, பாக்கிறன்."

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம்... இருக்கும்," என்றார்.

புதுப் புஷ் போட்டு, இந்த முறை நிலத்தில் படுத்தே இறுக்கினேன். கார் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. நானா வந்ததும் உண்மையைச் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் காரை எடுக்க வந்தவர் மருமகன். "மாமா இனி கார் ஓடமாட்டாராம்," என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? திறக்கவில்லை.

காரை விற்றுவிட்டார்கள். பெரிய பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வந்த மனிதர் இப்போது டவுனுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார். கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன். பயமா, வெட்கமா? இரண்டும்தான்.

போன பெருநாளைக்கு அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வட்டிலாப்பம் கொண்டுவந்தா. "நல்ல நேரம் நீங்கள் சொன்னீங்கள், தம்பி. இல்லாட்டி இந்த மனிசன் ஆரையும் அடிச்சு விழுத்தியிருப்பார்," என்று கண் கலங்கினா. என் மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

அவர்கள் இருவருக்கும் முன்னால் நான் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.