பாறைக்கு மேலே நான் விட்ட மீன்கள்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அறுபது நிறைந்தது. அன்று சில உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நகரின் கிழக்கேகோட்டைச் சந்தைக்கு நடந்தேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்தது. தண்ணீர் இல்லாமலும் வெகுநேரம் சாகாத மீன். அதனால் உயிரோடு விற்றார்கள், அதனாலேயே என் கண்ணில் பட்டது. மீன் சமைக்காத வீட்டில் பிறந்த எனக்கு எல்லா மீனும் ஒன்றுதான். ஒரு வாளி நிறைய வாங்கினேன்.

நகருக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில், எங்களுக்குச் சின்ன ரப்பர் தோட்டம் இருந்தது. அதை ஒட்டி ஓர் ஓடை. நடுவில் ஆளுயரப் பாறை. கீழே கலங்கல், மேலே தெளிந்த தண்ணீர், வாலருகே கறுப்புப் பொட்டு உள்ள பரல் மீன்கள். கீழிருந்து எந்த மீனும் அந்தப் பாறையை ஏறியதில்லை. நான் வாளியோடு ஏறினேன். நல்ல தண்ணீரில் விட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்து பாயசம் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டும் நாகர்கோவில்காரர் சொன்னார்: “மேல பரலே இல்ல சாமி. எவனோ ஒரு பாவி கெளுத்தியக் கொண்டு விட்டிருக்கான். எல்லாத்தையும் தின்னு தீத்துட்டு.”

மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் வாய் திறக்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். “கொண்டு விட்டது நீங்கதானே? நீங்களே போய்ப் பிடிங்கோ” என்றாள்.

கோடையில் பாறைக்கு மேலே ஓடை ஒரே குட்டையாகச் சுருங்கியபோது பால் வெட்டுபவரிடம் ஒப்புக்கொண்டேன். வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார். “பொறந்தநாளுக்கு எல்லாரும் கோயில்ல அர்ச்சனைதானே பண்ணுவாவ? செரி, அந்த வாளி இருக்கா?”

இருந்தது. அதைக் கொண்டே மூன்று நாள் இறைத்தோம். சேற்றைத் தடவித் தடவி எடுத்தோம். நான் விட்டவை முழங்கை நீளம் வளர்ந்திருந்தன; குஞ்சுகளும் இருந்தன. முதல் மீனைக் கொன்றது நான். அந்தப் பாவத்தை அவர் தலையில் கட்டவில்லை. கடைசி மீனும் போனபிறகு, இன்னும் மேலே, வேறொரு பாறையின் உச்சியில் நீர் தேங்கி நின்ற குழியைக் காட்டினார். கெளுத்தி ஏறாத இடம். அங்கே விரல் நீளப் பரல்கள் மிஞ்சியிருந்தன.

அடுத்த மழை அவற்றைக் கீழே இறக்கியது. அதற்கடுத்த பிறந்தநாளுக்கு மனைவியோடு, அதே வாளியை எடுத்துக்கொண்டு, ஓடைக்குக் குளிக்கப் போனேன். தண்ணீரில் இறங்கியதும் கறுப்புப் பொட்டுகள் கூட்டமாக வந்து பாதத்தைக் கொத்தின. அறுபது நிறைந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவர் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். “இந்தத் தடவ வாளியில என்ன சாமி?”

கவிழ்த்துக் காட்டினேன்.